யாழ் முதல் கிதார் வரை: காவிரிக் கரைப் பெண்களின் நரம்பிசை

காவிரி கடலோடு கலக்கும் புகார்த் துறையில், இந்திர விழா முடிந்த பின்னர்க் கோவலனும் மாதவியும் கடலாடச் சென்ற நாளைச் சிலப்பதிகாரம் ஒரு காதையாகவே விரித்துரைக்கிறது. அக்காதையில் வரும் யாழைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பாடல்களின் பொருளையும், அவற்றால் விளைந்த ஊடலையும், பிரிவையுமே பேசினர். அந்த யாழைத் தோழி வசந்தமாலையின் கையிலிருந்து வாங்கி, விரல்களால் வருடி, நரம்புகளைச் சோதித்து, சுருதி கூட்டிக் கோவலனிடம் கொடுத்தவள் மாதவி என்னும் செய்தி அதே அளவு கவனிக்கப்படவில்லை. கருவியின் நுட்பம் அறிந்தவள் அவள். கோவலன் வாசித்த பிறகே அவள் வாசிக்கிறாள். வாசித்தது அவளுக்கு வினையாக முடிகிறது. தமிழிலக்கியத்தில் காவிரிக் கரையில் நரம்புக் கருவியை ஏந்திய பெண்ணின் முதற்பெரும் சித்திரம் இது. ஆண் பாடினால் கலை, பெண் பாடினால் உட்கருத்து என்று தேடும் வழக்கத்திற்கும் இதுவே முதற்சான்று எனலாம்.

மாதவியின் கையிலிருந்த யாழ் எப்படிப்பட்டது என்னும் வினாவிற்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் விடை தேடப்பட்டது. ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த சுவாமி விபுலானந்தர் பல்லாண்டு உழைத்து எழுதிய 'யாழ் நூல்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அரங்கேறிய அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். வழக்கொழிந்த ஒரு கருவியின் நரம்பு எண்ணிக்கையையும் பண்களையும் கணக்கிட்டுக் காட்டிய பெருநூல் அது. கருவியை மீட்டெடுக்க ஒரு துறவி முன்வந்தார். அதை மீட்டிய பாடினியரையும் விறலியரையும் பற்றி அத்தகைய பெருநூல் ஒன்றும் எழுந்ததில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இவ்வகையில் வியப்பளிப்பவை. முதலாம் இராசராசன் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்தும் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துத் தஞ்சையில் குடியேற்றினான். ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பன எல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒரு பங்கிற்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். நெல் விளையும் நாட்டில் கலைக்கும் நெல்லே அளவுகோலாக இருந்தது இயல்புதான். நக்கன் சேரமங்கை போன்ற பெயர்கள் ஆயிரம் ஆண்டு கடந்து இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் அதே கல்வெட்டில் வீணை வாசிப்போராகக் குறிக்கப்படுவோர் ஆடவரே. பெண்களுக்கு ஆடலும் பாடலும், ஆண்களுக்குக் கருவி என்ற பங்கீடு கோயில் கணக்கிலேயே ஏறிவிட்டது போலும். கணக்கில் ஏறாத வீட்டுக்குள் அப்பெண்கள் எதை மீட்டினர் என்பதைக் கல் சொல்லாது.

நாயக்கர் காலத்தில் நிலை சற்றுத் தெளிவாகிறது. இரகுநாத நாயக்கரின் அவையில் இருந்த பெண்பாற் புலவர்களுள் இராமபத்ராம்பா வடமொழியில் காவியம் இயற்றியவர். மதுரவாணி என்னும் பெயரால் அறியப்பட்டவரோ, நாயக்கர் தெலுங்கில் எழுதிய இராமாயணத்தை வடமொழியில் ஆக்கியவர், வீணை வாசிப்பிலும் வல்லவர். நாம் இன்று தஞ்சாவூர் வீணை என்று அழைக்கும் கருவிக்கு உருவம் கிடைத்ததும் இக்காலத்தில்தான் என்பது மரபு. ஒவ்வோர் இராகத்திற்கும் மெட்டுகளை நகர்த்தி வைக்கும் பழைய முறையை விடுத்து, இருபத்து நான்கு மெட்டுகளை நிலையாக அமைத்து எல்லா இராகங்களையும் ஒரே கருவியில் வாசிக்கும்படி செய்த பெருமை இரகுநாத நாயக்கருக்கும் அமைச்சர் கோவிந்த தீட்சிதருக்கும் உரியதாகச் சொல்லப்படுகிறது. பலாமரத்தில் குடைந்த குடம், நீண்ட தண்டி, முனையில் யாளி முகம், தாங்கலாகச் சுரைக்குடுக்கை, மெழுகில் பதித்த வெண்கல மெட்டுகள், வாசிப்பிற்கு நான்கு தந்திகள், தாளத்திற்கு மூன்று. குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை; தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. மெழுகில் பதித்த மெட்டு என்பது சிறு செய்தி அன்று. மெழுகு இளகும், மெட்டு அசையும். ஆகவே வாசிப்பவரின் செவிக்கேற்ப அவ்வப்போது திருத்திக்கொள்ளலாம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தைப் பிறப்பிக்கலாம். குரலால் பாடுவதையெல்லாம் விரலால் பாடும் வழி இதனால் திறந்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் கைவினைஞரைப் பாராட்டின, அது தகும்.

இக்கருவியில் குரலின் நுட்பம் முழுவதையும் வடித்துக் காட்டிய பெண்மணி வீணை தனம்மாள். அவர் 1867-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர்தான். எனினும் அவருடைய வேர் தஞ்சையில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இசைக்கும் ஆடலுக்கும் பெயர்பெற்றிருந்த பாப்பம்மாள் இம்மரபின் முன்னோர். அவர் வழியில் வந்த காமாட்சியம்மாள் அதே அவையில் ஆடியவர். 1855-இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டனர். அரசவை போனபின் கலைஞர்களுக்குப் பிழைப்புப் போயிற்று. சிலர் திருவிதாங்கூருக்கும் மைசூருக்கும் பரோடாவுக்கும் சென்றனர், பலர் சென்னைக்கு வந்தனர். காமாட்சியம்மாளின் குடும்பம் அப்படி வந்ததே. காமாட்சியின் மகள் சுந்தரம்மாள். சுந்தரம்மாளின் மகள் தனம்மாள். தஞ்சை நாட்டிலிருந்து சென்னைக்கு நெல் மூட்டை வந்த பாதையில் கீர்த்தனங்களும் வந்தன என்று சொன்னால் மிகையாகாது. சியாமா சாஸ்திரியின் கிருதிகள் அவர் மரபினரிடமிருந்தே இக்குடும்பத்திற்குக் கிடைத்தன. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைத் தனம்மாள் சாத்தனூர் பஞ்சநாத அய்யரிடம் கற்றார். விசயராகவ நாயக்கர் அவைக்கு வந்துபோன க்ஷேத்ரக்ஞரின் பதங்களுக்கு இக்குடும்பமே பெருங்களஞ்சியம் ஆயிற்று.

தனம்மாள் விரலில் மீட்டு அணியவில்லை, நகத்தாலேயே மீட்டினார். கம்பியால் ஆன மீட்டு ஓசையைப் பெரிதாக்கும். நகமோ ஓசையைச் சிறிதாக்கி நாதத்தைப் பெரிதாக்கும். வாசித்துக்கொண்டே பாடுவார், குரல் எங்கே நின்றது, தந்தி எங்கே தொடங்கிற்று என்று கேட்போர் அறிய இயலாது என்பர். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் நடந்த இசையைக் கேட்க அக்காலத்து வித்துவான்கள் அனைவரும் சென்றனர். அரியக்குடி இராமாநுச அய்யங்காரும் டைகர் வரதாச்சாரியாரும் அங்கே வாய்மூடி அமர்ந்து கேட்டவர்கள். யாரேனும் தாளம் போட்டால்கூட அவருக்குப் பிடிக்காது. பெரும் சபைகளை அவர் நாடவில்லை. சபைகள் அவரிடம் வந்தன. முதுமையில் கண்பார்வை மங்கி இழந்துபோனார், வறுமையும் இருந்தது. 1930-களில் கொலம்பியா நிறுவனம் எடுத்த இசைத்தட்டுகளில் அவர் வாசிப்புச் சில நிமிடங்கள் எஞ்சியுள்ளது. ஒலிவாங்கிக்கு எட்டாத நுண்மை அந்த வாசிப்பு. தட்டில் இருப்பது அதன் நிழல். அவர் பெண்வழிப் பெயர்த்திகளான டி. பிருந்தா, டி. முக்தா, டி. பாலசரசுவதி ஆகியோர் அந்நிழலுக்கு உயிர் கொடுத்தவர்கள். பாலசரசுவதிக்கு 1973-இலும் பிருந்தாவிற்கு 1976-இலும் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பட்டது. 2010-இல் அஞ்சல் துறை தனம்மாளுக்கும் பாலசரசுவதிக்கும் நாகசுர மேதை திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளைக்கும் தபால்தலை வெளியிட்டது.

தனம்மாள் மறைந்த நாள் 1938 அக்டோபர் 15. அதே மாதம் 31-ஆம் நாள் நியூயார்க்கு நகரில் இருபத்து மூன்று வயது நிரம்பிய கறுப்பினப் பெண்ணொருவர் டெக்கா நிறுவனத்திற்காக முதன்முதல் பாடி, தம் கிதாரைத் தாமே வாசித்துப் பதிவு செய்தார். அவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப். ஆர்க்கன்சா மாநிலத்துப் பருத்திக் காட்டு ஊரில் பிறந்து, தேவாலயத்தில் தாயோடு பாடி வளர்ந்தவர். தேவாலயப் பாட்டைக் கேளிக்கை அரங்கில் பாடினார் என்று பக்தர்கள் சினந்தனர். பெண் கிதாரை மின்னொலியில் அதிரடித்ததைப் பார்த்து மற்றவர்கள் வியந்தனர். பிற்காலத்தில் ராக் இசை என்று பெயர் பெற்றதன் விரல் நடை அவரிடமே தெரிகிறது என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. 1973-இல் அவர் இறந்தபின் பல ஆண்டுகள் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் இல்லை. 2018-இல்தான் ராக் இசையின் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒருவரையொருவர் கேள்விப்பட்டும் இராத இவ்விருவரையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று கேட்கலாம். இசையில் பொருந்தாது. ஒருவர் ஓசையை அடக்கினார், மற்றவர் பெருக்கினார். ஆனால் பக்தியும் சிருங்காரமும் கலந்த ஓர் இசையைக் கருவியோடு பாடியதற்காக ஒழுக்கத்தின் பெயரால் விலை கொடுத்தவர்கள் என்னும் வகையில் இருவரும் ஒரே தெருவினர்.

அந்த விலை காவிரிக் கரையில் எப்படி வசூலிக்கப்பட்டது என்பதற்குத் திருவையாறே சான்று. தியாகராச சுவாமிகளின் சமாதி சிதைந்து கிடந்ததைக் கேட்டுத் துடித்து, தம் செல்வத்தையும் நகைகளையும் கொடுத்து அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1925-இல் குடமுழுக்கும் நடந்தது. ஆனால் அவர் எழுப்பிய கோயிலின் ஆராதனையில் அவரே பாடக்கூடாது. பெண்களுக்கு அங்கு இடமில்லை. 1927 முதல் அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 'பெண்கள் கட்சி' என்று ஊரார் பெயரிட்டனர். 1940-களின் தொடக்கத்தில் பிரிந்து கிடந்த கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் ஒரே பந்தலில் அமர்ந்து பாடினர். இன்று பஞ்சரத்தின கீர்த்தனங்களைப் பாட ஆற்றங்கரையில் வரிசையாக அமரும் பெண்களுள் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியும்? எதிரே கற்சிலையாக அமர்ந்திருக்கும் அந்த அம்மையாருக்குத் தெரியும்.

இதே காவிரிக் கரையில், மயிலாடுதுறையை அடுத்த மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையார் தம் குலத்துப் பெண்கள் பொட்டுக்கட்டப்படும் கொடுமையை எதிர்த்து ஊர் ஊராகப் போராடினார். 1936-இல் அதைப் பற்றி நாவலும் எழுதினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் தேவையானது, அதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் குளிப்பாட்டிய நீரோடு வேறு சிலவும் போயின. தலைமுறை தலைமுறையாக வீணையும் பதமும் கற்ற வீடுகளில், மணமாகி மரியாதையோடு வாழ விரும்பிய பெண்கள் கருவியை மூடி வைத்தனர். கருவி அடுத்த தெருவிற்குப் போயிற்று. யார் கையில் இருந்தபோது அது இழிவாக இருந்ததோ, அவர் கையை விட்டு நீங்கியதும் அது தெய்வீகம் ஆயிற்று. இந்த மாற்றத்தை நம் இசை வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிச் செல்கின்றன.

அடுத்த தெருவில் வீணைக்கு வேறு விதி காத்திருந்தது. பெண் பார்க்க வருவோர் முன் ஒரு வர்ணமும் ஒரு கீர்த்தனையும் வாசிக்கத் தெரிந்தால் போதும். கலியாணத்திற்குப் பின் வீணை உறை போட்டுப் பரணுக்கோ கூடத்து மூலைக்கோ போகும். நவராத்திரிக்கு வெளியே வந்து சரசுவதி பூசையில் சந்தனப் பொட்டு வாங்கிக்கொண்டு திரும்பப் போகும். அறுவடைக்கும் களத்து மேட்டுக்கும் ஆள்காரர் சாப்பாட்டிற்கும் நடுவே சாதகம் செய்ய நேரம் எங்கே? அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த எலிசபெத் காட்டன் என்னும் நாட்டுப்புறப் பாடகியின் கதை இங்கே நினைவிற்கு வருகிறது. இடக்கைப் பழக்கமுடைய அவர் கிதாரைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே கற்றார். மணமானபின் தேவாலயத்தார் சொல்லுக்கிணங்கி அதைக் கைவிட்டார். முதிய வயதில் சீகர் என்ற இசைக்குடும்பத்தில் வீட்டு வேலை செய்தபோது, சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து வாசித்ததைக் குடும்பத்தார் கேட்டு வியந்தனர். 1958-இல் முதல் இசைத்தட்டு. 1985-இல், தொண்ணூறு வயதைக் கடந்து, கிராமி விருது. நம் ஊர்ப் பரண்களில் இருந்த வீணைகளுக்கு அப்படி ஒரு சீகர் வீடு வாய்க்கவில்லை.

விதியை மீறியவர்களும் உண்டு. தஞ்சை மாவட்டத்துச் சேதலபதியில் 1922-இல் பிறந்த கல்பகம் சுவாமிநாதன் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். தீட்சிதர் கிருதிகளை அழுத்தமாகக் கற்று, கலாட்சேத்திரத்திலும் சென்னை அரசு இசைக் கல்லூரியிலும் நீண்ட காலம் கற்பித்து, 2011-இல் மறையும் வரை வாசித்துக்கொண்டிருந்தவர். நரம்பிசையை விட்டுச் சற்று விலகிச் சொன்னால், மயிலாடுதுறையில் 1957-இல் பிறந்த சுகன்யா ராம்கோபால் கடத்தைக் கையிலெடுத்தபோது பட்ட துன்பம் இதைவிடக் கடினமானது. விக்கு விநாயக்ராமிடம் கற்றுத் தேர்ந்த பின்னரும், பெண்ணோடு மேடையேறத் தயங்கிய மிருதங்கக்காரர்கள் இருந்தனர். அவர் 1995-இல் பெண்களையே கொண்ட 'ஸ்திரீ தாள் தரங்' குழுவை அமைத்தார். நாகரத்தினம்மாளின் 'பெண்கள் கட்சி' வேறொரு பெயரில் திரும்பி வந்தது.

இனிக் கோட்டுவாத்தியம். மெட்டுகள் இல்லாத வீணை என்று இதைச் சொல்வர். இடக்கையில் ஒரு மரக்கட்டையைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்ல, வலக்கை மீட்ட, சுரத்திலிருந்து சுரத்திற்கு நாதம் அறுபடாமல் ஓடும். வழக்கொழியும் நிலையிலிருந்த இக்கருவிக்கு மறுவாழ்வு கொடுத்த ஊர் திருவிடைமருதூர். கொடுத்தவர் சகாராம் ராவ். பின்னர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் இதில் பெரும்புகழ் பெற்றார். மன்னார்குடி சாவித்திரி அம்மாள் இதே கருவியை எடுத்துக் கச்சேரி செய்தார். வீணைக்காவது சரசுவதியின் சிபாரிசு இருந்தது. கோட்டுவாத்தியத்திற்கு அதுவும் இல்லை. மெட்டு இல்லாததால் கை ஒரு நூல் விலகினாலும் சுருதி விலகும். மூன்று ஊர்களும் ஒருநாள் மாட்டுவண்டிப் பயணத்திற்குள் அடங்குபவை அல்ல. எனினும் ஒரே ஆற்றின் நீரைக் குடித்தவை.

தந்தியின்மேல் கட்டையை வழுக்கும் இதே முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பசிபிக் பெருங்கடலின் அவாயித் தீவில், கிதாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வாசிக்கும் வழக்கமாகத் தோன்றியது. ஜோசப் கெக்குகு என்ற இளைஞர் அதை முதலில் முறைப்படுத்தினார் என்பது பொதுவான கருத்து. இந்தியாவில் பிறந்து மாலுமி ஒருவரால் கடத்திச் செல்லப்பட்ட கேப்ரியல் டேவியன் என்பவரே அங்கு அதை முதலில் செய்து காட்டினார் என்னும் வாய்மொழிச் செய்தியும் உண்டு. அதை நம்பி, கிதாரின் வழுக்கு வாசிப்புத் திருவிடைமருதூரிலிருந்து கப்பலேறியது என்று பெருமை பேசத் தொடங்கினால் அது வரலாறு ஆகாது. மறுதிசைப் பயணமோ ஐயமற்றது. அவாயிக் கிதார் கல்கத்தா வழியாக இந்தியாவிற்குள் நுழைந்தது. பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி இசைக்குரிய கருவியாக்கினார். 1994-இல் விசுவமோகன் பட் அதன் திருத்திய வடிவத்திற்குக் கிராமி விருது பெற்றார்.

தஞ்சைக்கு மேல்நாட்டுக் கருவி புதிதன்று. சரபோசி மன்னர் காலத்தில் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழு இருந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு பிடிலைக் கைவசப்படுத்தி, 1834-இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தாலான பிடிலைப் பரிசாகப் பெற்றார். வந்ததை வாங்கி நம்முடையதாக்கும் பழக்கம் அந்த மண்ணுக்கு உண்டு. ஆகவே கிதாரில் பெயர் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்தவராக இருப்பது வியப்பன்று. கமலா சங்கர் 1966-இல் தஞ்சையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார், வளர்ந்தது காசியில். பாப்பம்மாளின் குடும்பத்தைச் சென்னைக்கு அனுப்பிய ஊர், இவரைக் கங்கைக் கரைக்கு அனுப்பிற்று. முதலில் தாயாரிடம் வாய்ப்பாட்டு. சிறு வயதிலேயே சிவநாத பட்டாச்சாரியாரிடம் கிதார். பிறகு சன்னுலால் மிஸ்ராவிடம் கயாலும் தும்ரியும், பிமலேந்து முகர்ஜியிடம் சிதார் மரபின் நுட்பங்கள். கிதார் இசையை ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

அவர் வாசிப்பு 'காயகி' என்னும் முறையைச் சார்ந்தது; பாட்டைப் பாடுவது போலவே வாசிப்பது. தும்ரியின் சொல்லுக்குள் இருக்கும் குழைவை இரும்புத் துண்டு தந்தியின்மேல் வரைந்து காட்டும். தனம்மாளின் வெள்ளிக்கிழமைகளைப் பற்றி எழுதியவர்கள் பயன்படுத்திய சொற்கள் ஏறத்தாழ இவையே. இந்துஸ்தானி, கர்நாடகம் என்ற பிரிவினையை ஒருகணம் மறந்தால், குரலைக் கருவிக்குள் இறக்கும் அதே ஆசை இரண்டிடத்தும் தெரிகிறது. கடையில் கிடைக்கும் கிதாரால் அவர் நிறைவடையவில்லை. தம் வாசிப்பிற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்து அதற்குச் 'சங்கர் கிதார்' என்று பெயரிட்டார். சிதாரில் உள்ளது போன்ற சிகாரித் தந்திகள் அதில் சேர்க்கப்பட்டன. தண்டியின் உட்புறம் குடையப்பட்டது. ஒட்டும் பொருத்தும் இன்றி ஒரே மரத்தில் அது செய்யப்பட்டது. தஞ்சையின் ஆசாரிகள் அத்தகைய வேலைப்பாட்டிற்கு ஏகாண்டம் என்று பெயர் சொல்வார்கள்.